சுகர் இல்ல, பிரஷர் இல்ல, எடை மட்டும் 84. எல்டிஎல் 174க்கு மாத்திரை போடணுமா?

09.03.2025, காலை. கேள்வி கேட்டவர், காட்பாடி

வயசு 38. உயரம் 170 செ.மீ, எடை 84. வெறும் வயித்துல சுகர் 92, மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ஹெச்பிஏ1சி 5.4, பிரஷர் 124/80. சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. ஆபீஸ் மூணாவது மாடி, லிஃப்ட் பக்கமே போறதில்ல, மூச்சு வாங்கினதும் இல்ல. போன வாரம் செக்கப்ல மொத்த கொலஸ்ட்ரால் 246, நல்லதுங்கற ஹெச்டிஎல் 44, இன்னொரு கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடு 140, கெட்டதுங்கற எல்டிஎல் 174. டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு கொலஸ்ட்ராலைக் குறைக்கிற அட்டார்வாஸ்டாட்டின் 10 எழுதிட்டார். கொஞ்சம் குண்டா இருக்கேன், அவ்வளவுதான். மத்தபடி எனக்கு ஒண்ணுமே இல்ல. அப்பா வயசுக்காரங்க போடுற மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா விட முடியாதுங்கறாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

09.03.2025, இரவு

தம்பி, நான் டாக்டர் இல்ல. வேலூர்ல 22 வருஷமா லேப்ல ரத்தம் எடுத்து டெஸ்ட் போடுறவன். மாத்திரை போடு, போடாதேன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. ஆனா "ஒண்ணுமே இல்ல"ன்னு எழுதினீங்க பாருங்க, அதைப் படிச்சுட்டு சும்மா போக முடியல. எங்க அண்ணன் சொன்னதும் இதே வார்த்தைதான்.

2019 ஜனவரி. அண்ணனுக்கு அப்ப 46. வேலூர்ல வீடு, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் சூப்பர்வைசர். 168 செ.மீ, 78 கிலோ. தொப்பை கொஞ்சம் இருக்கும். சுகர் இல்ல, பிரஷர் இல்ல. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகிட்டு "நெஞ்சு இறுக்குது, இன்னான்னு தெரியல"ன்னிருக்கார். வாயுன்னு நினைச்சு அண்ணி ஓமம் கொதிக்க வெச்சுக் குடுத்தாங்க. அப்புறம் ஒரு சோடா. எனக்கு போன் வந்தப்ப மணி ஏழு. போய்ப் பார்த்தா மார்கழிக் குளிர்ல பனியன் முதுகோட ஒட்டிக் கிடக்கு, பிழிஞ்சா சொட்டும். எனக்குக் கை கால் ஓடல. சிஎம்சி ஆஸ்பத்திரியில 1961லேயே திறந்த இதய ஆபரேஷன் பண்ணின ஊர் இது. அந்த ஊருக்குள்ள இருந்துகிட்டு மூணு மணி நேரம் ஓமத்தண்ணியில போச்சு. ஸ்டென்ட் வெச்சாங்க, பிழைச்சுட்டார். ஆனா இதயத் தசையில ஒரு பகுதி போனது போனதுதான். இப்பவும் மாடிப்படியில பாதியில நின்னுதான் ஏறுவார்.

அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான் கம்பெனி செக்கப். மொத்த கொலஸ்ட்ரால் 188, பக்கத்துல "நார்மல்". ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்துதான் அந்தத் தாளை முதல் தடவையா நான் படிச்சேன். அதே தாள்ல கீழே ஹெச்டிஎல் 31, ரொம்பக் குறைவு. ட்ரைகிளிசரைடு 260, ரொம்ப அதிகம். யாரும் அதைப் பத்திப் பேசல. லேப்ல வேலை பார்க்கிற நானும் கேட்டு வாங்கிப் பார்க்கல. அது இன்னிக்கும் உறுத்துது.

10.03.2025

நேத்து அண்ணன் கதையில நின்னுட்டேன். இப்ப உங்க நம்பருக்கு வரேன்.

மொத்த கொலஸ்ட்ராலை விட்டுடுங்க. அதுல நல்லதும் கெட்டதும் கலந்து இருக்கு. மொத்தத்துல ஹெச்டிஎல்லைக் கழிச்சா வர்றதுக்குப் பேர் நான்-ஹெச்டிஎல். ரத்தக்குழாய்ல போய்ப் படியுற சரக்கு பூரா அதுக்குள்ள அடங்கும். உங்களுக்கு 246ல 44 போனா 202. எங்க அண்ணனுக்கு 188ல 31 போனா 157. 2024ல இந்திய இதய மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆபத்துக் குறைவா இருக்கிறவங்களுக்கே எல்டிஎல் 100க்குக் கீழ, நான்-ஹெச்டிஎல் 130க்குக் கீழ இருக்கணும். "நார்மல்"னு முத்திரை குத்தின அண்ணனுக்கே 157. உங்களுது அதையும் தாண்டி நிக்குது.

எடைக்கு வாங்க. 170 செ.மீ உயரத்துக்கு 84 கிலோன்னா பிஎம்ஐ 29. வெள்ளைக்காரங்க கணக்குல 30 தாண்டினாதான் உடல் பருமன். நம்ம உடம்புக்கு வெச்சிருக்கிற கோடு 23ல அதிக எடை, 25ல பருமன். "கொஞ்சம் குண்டு" இல்ல தம்பி.

இடுப்பு எவ்வளவு? பேன்ட் சைஸ் சொல்லாதீங்க. தொப்பைக்குக் கீழ பெல்ட் கட்டிகிட்டு எல்லாரும் 36ம்பாங்க. தையல்கடை டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல சுத்தி, மூச்சை வெளிய விட்டுட்டு அளங்க. ஆம்பளைக்கு 90 செ.மீ, பொம்பளைக்கு 80. அதைத் தாண்டக் கூடாது.

10.03.2025, கேள்வி கேட்டவர்

அண்ணா, அளந்தேன். 101. பேன்ட் 36தான்.

14.03.2025

டிரெட்மில்ல ஓட விட்டு இதயத்தைப் பார்க்கிற டெஸ்ட் எனக்கு நார்மல்னு வந்துச்சே, அப்புறம் என்ன பயம்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். அதுக்குப் பதில் எழுத உட்கார்ந்தப்பதான் நான் 10ஆம் தேதி எழுதினதுல ஒரு தப்பு தெரிஞ்சுது. "ரத்தக்குழாய்ல படியுற சரக்கு"ன்னேன். கேக்குறவங்களுக்கு சாக்கடையில அழுக்கு படிஞ்சு அடைக்கிற மாதிரிதான் தோணும். நடக்கிறது அது இல்ல.

பழைய வீட்டுச் சுவர்ல ஈரம் ஏறினா பார்த்திருப்பீங்க. மேல சுண்ணாம்புப் பூச்சு வெள்ளையா அழகா இருக்கும், உள்ளுக்குள்ள உப்பிகிட்டு இருக்கும். கொலஸ்ட்ரால் சுமந்துட்டுப் போற துகள் ரத்தக்குழாயோட உள்பூச்சைத் தாண்டிச் சுவருக்குள்ள போய் மாட்டிக்குது. அங்க வீங்குது. ஒருநாள் அந்தப் பூச்சு பிளந்துச்சுன்னா, காயம் பட்ட இடம்னு நினைச்சு ரத்தம் அங்க உறையும். அந்த உறைஞ்ச கட்டிதான் குழாயை அடைக்குது. மாரடைப்புல பெரும்பாலும் நடக்கிறது இது.

டிரெட்மில்ல தெரியறது குழாய் நல்லாவே குறுகி, ஓடும்போது ரத்தம் பத்தாம போறவங்களைத்தான். சுவர் பாதி உப்பி, வழி இன்னும் திறந்திருக்கிறவங்களுக்கு டெஸ்ட் நார்மல்னே வரும். பிளக்கிறது அந்தப் பாதி உப்பின இடமாவும் இருக்கலாம். அதனால மூணு மாடி ஏறினேன், மூச்சு வாங்கலங்கறது உங்க காலுக்கும் நுரையீரலுக்கும் நல்ல சேதி. எல்டிஎல் 174க்கு அது பதில் ஆகாது.

14.03.2025, இரவு

லேப்ல தினமும் பார்க்கிற ஒண்ணைச் சொல்றேன். ரத்தம் எடுத்து அரை மணி உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜ்ல பத்து நிமிஷம் சுத்தினா, கீழ சிவப்பு தங்கிடும், மேல சீரம் வைக்கோல் நிறத்துல தெளிஞ்சு நிக்கும். ட்ரைகிளிசரைடு 600, 800னு இருந்தா சீரம் மோர் மாதிரி வெளுத்துப் போயிருக்கும். ட்யூபைத் தூக்கிப் பார்த்ததுமே நாங்க சொல்லிடுவோம். ஆனா எல்டிஎல் 174 இருக்கிற சீரத்தையும் 80 இருக்கிற சீரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா என்னால வித்தியாசம் சொல்ல முடியாது. ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். 22 வருஷம் ட்யூபைப் பிடிச்ச கண்ணுக்கே தெரியாதது, கண்ணாடியில முகம் பார்த்தா தெரியுமா?

22.03.2025

முட்டை, பிரியாணி, கொள்ளு. இதைப் பத்தி ஏழெட்டுப் பேர் கேட்டாச்சு.

ஒரு மஞ்சள் கருவுல ஏறக்குறைய 190 மி.கி கொலஸ்ட்ரால் இருக்கு. ஆனா ரத்தத்துல ஓடுற கொலஸ்ட்ரால்ல பெரும்பகுதி நம்ம கல்லீரலே தயார் பண்றது. சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலுக்கு நாளுக்கு 300 மி.கின்னு வெச்சிருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல்ல 2015ல எடுத்துட்டாங்க. எல்டிஎல்லை ஏத்துறதுல முட்டையை விடப் பெரிய ஆள் செறிவுற்ற கொழுப்பு. ரத்தத்துல இருந்து எல்டிஎல்லைப் பிடிச்சு உள்ள இழுக்க கல்லீரல் மேல ஏற்பிகள் இருக்கு. அதைக் கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் குடுத்தாங்க. செறிவுற்ற கொழுப்பு அதிகமானா அந்த ஏற்பிகள் குறையும், எல்டிஎல் ரத்தத்துலயே சுத்திகிட்டுக் கிடக்கும்.

நம்ம அடுப்படிக் கணக்குல: தேங்காய் எண்ணெயில பத்துல ஒன்பது பங்கு செறிவுற்ற கொழுப்பு. ரேஷன் பாமாயில்ல பாதி. கடலை எண்ணெயில ஐந்துல ஒரு பங்குக்குள்ள. வடார்க்காட்டுல தலைமுறை தலைமுறையா நிலக்கடலை போட்டு, செக்குல ஆட்டின எண்ணெயில தாளிச்சவங்க நாம. எங்க வீட்டுல பாமாயிலை நிறுத்திட்டு கடலை எண்ணெய்க்குத் திரும்பியாச்சு, அதுவும் ஆளுக்கு மாசம் அரை லிட்டர்தான்னு அளந்து. டால்டாவுல இருக்கிற டிரான்ஸ் கொழுப்புக்கு 2022ல இருந்து 2 சதவீதம்னு அரசாங்கமே வரம்பு போட்டிருக்கு. ஒரே எண்ணெயை நாள் பூரா கொதிக்க விடுற போண்டாக் கடைச் சட்டிக்கும் 2018ல இருந்து வரம்பு இருக்கு, ஆனா சட்டியைப் பார்த்தா அப்படித் தெரியல.

ஆம்பூர் பிரியாணியை நான் விடல. மாசம் ஒரு நாள், ஒரு பிளேட், கத்தரிக்காய் தொக்கோட. பிரியாணியை விட எனக்குக் கவலை தினமும் மூணு வேளையும் குவிச்சுப் போடுற சோறுதான். மாவுச்சத்து மிஞ்சினா கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடா மாத்தும். அது ஏறினா ஹெச்டிஎல் இறங்கும். எங்க அண்ணன் நம்பர் அப்படித்தான் இருந்துச்சு. நம்ம ஆளுங்க நிறைய பேரோட தாள்லயும் இதே ஜோடியைத்தான் பார்க்கிறேன்.

கொள்ளு: "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" சரிதான். நல்ல நார்ச்சத்து, வயிறு நிறையும், எல்டிஎல் கொஞ்சம் இறங்கும். அந்தக் "கொஞ்சம்" முக்கியம். 174ஐ 100க்கு இறக்குற வேலை கொள்ளு ரசத்தால ஆகாது. ராகிக் களி, கீரைக் கடையல், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

02.04.2025

குடியாத்தத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. வயசு 47, எல்டிஎல் 190, எடை ஏறிகிட்டே போகுது, எப்பவும் அசதி, முடி கொட்டுது. அக்கா, கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டு தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் டெஸ்ட் பாருங்கன்னேன். பார்த்தா 18, ரொம்ப அதிகம். தைராய்டு மந்தமானா எல்டிஎல் தானா ஏறும். தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க, மூணு மாசம் கழிச்சுக் கொழுப்பைத் திரும்பப் பார்க்கணும். காட்பாடித் தம்பியும் ஒரு டிஎஸ்ஹெச் பார்த்துடுங்க.

அப்புறம், "இதெல்லாம் டவுன் ஆளுங்க வியாதி, எங்க கே.வி.குப்பம் பக்கம் வராது"ன்னு ஒருத்தர். ஐயா, அந்தக் கே.வி.குப்பத்துலயேதான் ஆய்வு நடந்திருக்கு. 1991 முதல் 94 வரைக்கும் ஒரு தடவை, 2010 முதல் 12 வரைக்கும் இன்னொரு தடவை, வேலூர் டவுன்லயும் அந்தப் பக்கத்துக் கிராமங்கள்லயும் ஆட்களைப் பார்த்தாங்க. கிராமத்துல நீரிழிவு மூணு மடங்கா ஆகியிருந்துச்சு, எடையும் ஏறியிருந்துச்சு. இந்தியா முழுக்க எடுத்து 2023ல வெளியிட்ட ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்குல 81 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு அளவு சரியில்ல. களத்துமேட்டுல நெல் தூத்தின தலைமுறைக்கும் அதே களத்துமேட்டுல பைக்கை நிறுத்திட்டு போன் பார்க்கிற தலைமுறைக்கும் ஒரே உடம்பா இருக்கும்?

கிராமத்துல இருக்கிறவங்களுக்கு இன்னொரு சேதி. 2023 ஜூன்ல இருந்து "இதயம் காப்போம்" திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மாரடைப்புக்கான முதல் வேளை மருந்து, மொத்தம் 14 மாத்திரை, குடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. நெஞ்சு இறுக்கம், வேர்வை, இடது கை வலி, தாடை வலின்னா ஓமம் தேடாதீங்க. 108.

16.05.2025

நேத்து குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளக்குது. வேலூர் கோட்டைக்குள்ள நடக்கிறவங்க ஆறு மணிக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

தம்பி 81 கிலோ வந்துட்டேன்னு போட்டிருக்கார். ரொம்ப சந்தோஷம். இப்படியே போனா எல்டிஎல் தானா இறங்கிடும்.

15.06.2025, கேள்வி கேட்டவர்

அண்ணா, மூணு மாசம் ஆச்சு. மாத்திரை போடாம முயற்சி பண்றேன்னு டாக்டர்கிட்ட நேரம் கேட்டிருந்தேன். எடை 79. இடுப்பு 94. ராத்திரிச் சோறு நிறுத்தினேன், தினமும் 50 நிமிஷம் நடை. டிஎஸ்ஹெச் நார்மல். ட்ரைகிளிசரைடு 140ல இருந்து 100. ஆனா எல்டிஎல் 158தான். மொத்தம் 223, ஹெச்டிஎல் 45. இவ்வளவு கஷ்டப்பட்டும் 16தான் இறங்கியிருக்கு. மனசு விட்டுப் போச்சு.

16.06.2025

தம்பி, தப்பு என்னோடது. மே 16ல "தானா இறங்கிடும்"னு எழுதினேன் பாருங்க, அதை வாபஸ் வாங்குறேன். அப்படி எழுதியிருக்கவே கூடாது.

எடை குறைஞ்சா நல்லா இறங்குறது ட்ரைகிளிசரைடு. 5ல இருந்து 10 சதவீதம் எடை போனா அது சுமார் 20 சதவீதம் இறங்கும்பாங்க. உங்களுக்கு அதை விட நல்லாவே இறங்கியிருக்கு. சுகர், பிரஷர், கல்லீரல் கொழுப்பு எல்லாத்துக்கும் நல்லது. எல்டிஎல் வேற ஆள். அது பாதிக்கு மேல பரம்பரையும் செறிவுற்ற கொழுப்பும் சேர்ந்து நடத்துற கணக்கு. எடைக்கு அது கொஞ்சம்தான் மசியும். ஒல்லியா இருக்கிறவங்களுக்கு 180 வர்றதும், 95 கிலோ ஆளுக்கு 90 வர்றதும் என் கவுன்ட்டர்ல வாரா வாரம் நடக்குது.

அதுக்காக எடை குறைச்சது வீண்னு நினைச்சுடாதீங்க. சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் சரியா இருக்கிற பருமனானவங்களுக்கும் இதயநோய் எவ்வளவு வருதுன்னு இங்கிலாந்துல 35 லட்சம் பேர் பதிவேட்டை வெச்சுப் பார்த்தாங்க. 2017ல வெளியாச்சு. சரியான எடையில இருக்கிறவங்களை விட 49 சதவீதம் அதிகம். "ஆரோக்கியமான குண்டு"ங்கறது நிரந்தர வீடு இல்ல, பாதிப் பேர் போகப் போக சுகர், பிரஷர் பக்கம் நகர்ந்துடுவாங்க. நீங்க இடுப்புல 7 செ.மீ குறைச்சது ஒரு கணக்கு. எல்டிஎல் 158 இன்னொரு கணக்கு. ரெண்டையும் தனித்தனியாத் தீர்க்கணும். இதை முதல் நாளே தெளிவா எழுதாம விட்டுட்டேன்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது லிப்போபுரோட்டீன்-ஏ ஒரு தடவை பார்க்கலாமான்னு கேளுங்க. எல்டிஎல் மாதிரியே சுவருக்குள்ள போய் மாட்டிக்கிற இன்னொரு துகள் அது. வாழ்நாள்ல ஒரு தடவை பார்த்தாப் போதும். அது பிறப்புலயே வர்றது, நடையோ சாப்பாடோ அதை அசைக்காது. நம்ம தெற்காசிய ஆளுங்கள்ல நாலுல ஒருத்தருக்கு 50 மி.கிக்கு மேல இருக்கும். எனக்கு 72, அண்ணனுக்கும் அதை ஒட்டித்தான். அப்பா 52 வயசுல தூக்கத்துலயே போயிட்டார். அப்ப அதுக்கு டெஸ்ட் கிடையாது, "நல்ல சாவு"ன்னு சொல்லித் தூக்கிட்டுப் போனோம்.

16.06.2025, பத்து நிமிஷம் கழிச்சு

இன்னொரு திருத்தம். 12 மணி நேரம் பட்டினியா வந்தாதான் கொழுப்பு டெஸ்ட்னு இருபது வருஷம் கவுன்ட்டர்ல நின்னு ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கேன். பெரும்பாலானவங்களுக்கு அது தேவையே இல்ல. சாப்பிட்டுட்டு வந்து ட்ரைகிளிசரைடு 400 தாண்டினா மட்டும் பட்டினியில திரும்ப எடுத்தாப் போதும். ஏன்னா எல்டிஎல்லை நிறைய லேப்ல நேரா அளக்கிறதில்ல. மொத்தத்துல ஹெச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடுல ஐந்துல ஒரு பங்கையும் கழிச்சு வர்றதுதான் தாள்ல அச்சாகுது. 400க்கு மேல அந்தக் கணக்கு பொய் சொல்லும். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு லேப்ல 520 இருந்தப்பவும் அந்தக் கழிச்ச எண்ணைக் கூசாம அச்சடிச்சுக் குடுத்தாங்க. உங்க தாள்லயும் பாருங்க.

19.06.2025

மாத்திரை பயத்துக்கு வரேன். ஸ்டாட்டின், அதாவது உங்களுக்கு எழுதின அட்டார்வாஸ்டாட்டின் மாதிரி மாத்திரைங்க, எல்லாம் கம்பெனிக்காரன் கதைன்னு வீடியோ அனுப்பியிருந்தார் ஒருத்தர். முதல் ஸ்டாட்டினை 1970கள்ல ஜப்பான்ல அகிரா எண்டோங்கறவர் பூஞ்சணத்துல இருந்து எடுத்தார். ஆயிரக்கணக்கான பூஞ்சணத்தைச் சலிச்சுப் பார்த்த மனுஷன். 2024லதான் காலமானார். அதுக்கப்புறம் ஒரு லட்சத்துக்கு மேல ஆட்களை வெச்சு நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தா, எல்டிஎல் ஏறக்குறைய 39 குறைஞ்சா மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான பெரிய சம்பவங்கள் ஐந்துல ஒரு பங்கு குறையுது.

கெடுதலே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சுகர் எல்லைக்கோட்டுல இருக்கிறவங்களுக்கு அதைக் கொஞ்சம் தள்ளிவிடும். தசை வலி சிலருக்கு நிஜமாவே வரும். ஆனா 2020ல ஒரு சோதனை: பக்கவிளைவு தாங்காம ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு சில மாசம் ஸ்டாட்டின், சில மாசம் வெறும் மாவு மாத்திரை, சில மாசம் ஒண்ணுமே இல்லாம விட்டுப் பார்த்தாங்க. ஸ்டாட்டின்ல வந்த தொந்தரவுல 90 சதவீதம் மாவு மாத்திரையிலயும் வந்துச்சு. எனக்கும் முதல் மாசம் தொடை வலிச்சுது. விட்டுடலாம்னு மாத்திரை அட்டையைக் கையில வெச்சுகிட்டு ராத்திரி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் தசை பாதிப்பைக் காட்டுற சிகே டெஸ்ட் பார்க்கச் சொன்னார். நானே சாம்பிள் போட்டேன். நார்மல். ரெண்டாவது மாசம் வலி இல்ல. என் எல்டிஎல் அப்ப 165, இப்ப 74.

வாழ்நாள் பூரா போடணுமேன்னு கேட்டீங்க. அந்த 158ம் வாழ்நாள் பூரா சுவருக்குள்ள போய்கிட்டேதான் இருக்கும் தம்பி. 52 நாட்டுல நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004ல வந்துச்சு. அதுல தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு 53 வயசை ஒட்டி வந்திருக்கு, மத்தவங்களை விட அஞ்சாறு வருஷம் முன்னாடி. உங்களுக்கு 38. சுவர் உப்புறதுக்கு முன்னாடி இருக்கீங்களா, உப்பிகிட்டு இருக்கா, எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் பத்தாது, பத்து நிமிஷம் வேணும்னு கேட்டு உட்காருங்க. குடும்பத்துல யாருக்கு எந்த வயசுல நெஞ்சு வலி வந்துச்சுன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க.

03.08.2025, கேள்வி கேட்டவர்

எழுதி எடுத்துட்டுப் போனேன் அண்ணா. எழுதும்போதுதான் அம்மா சொன்னாங்க, பெரிய மாமா 49ல போனது மஞ்சள் காமாலையில இல்லையாம். இத்தனை வருஷம் எனக்கு அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தாங்க. டாக்டர் இந்தத் தடவை பொறுமையாப் பேசினார். அட்டார்வாஸ்டாட்டின் 10 ஜூன் கடைசியில ஆரம்பிச்சேன். எல்டிஎல் 101. லிப்போபுரோட்டீன்-ஏ 18. எடை 77.

03.08.2025

18 பார்த்து நிம்மதியாச்சு. அம்மாவையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போய் எடுத்துடுங்க.

24.08.2025

இங்க இத்தனை பேருக்கு எழுதிட்டு வீட்டுல ஒரு வேலையை விட்டு வெச்சிருந்தேன். அண்ணன் பையன். 20 வயசு, காலேஜ். 172 செ.மீ, 58 கிலோ. "ஒல்லிப் பிள்ளைக்கு எதுக்குடா ஊசி"ன்னு அண்ணி ஆறு வருஷமா தள்ளிப் போட்டாங்க. நானும் விட்டுட்டேன்.

நேத்து சாயங்காலம் கடைசி சாம்பிளா அவனுக்கு எடுத்தேன். "இன்னா சித்தப்பா, உன் கை ஆடுது"ன்னான். சென்ட்ரிஃபியூஜ் நிக்கிற வரைக்கும் பக்கத்துல ஸ்டூல்ல உட்கார்ந்து போன் பார்த்துகிட்டு இருந்தான். ட்யூபை எடுத்து விளக்குக்கு நேரா பிடிச்சேன். சீரம் அவ்வளவு தெளிவு.

எல்டிஎல் 151. லிப்போபுரோட்டீன்-ஏ இன்னிக்குக் காலையில வந்துச்சு, 84. அண்ணிகிட்ட நானே நேர்ல போய்ச் சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட். நானும் அண்ணனும் கூடப் போறோம்.